மாற்றி வைத்த ரிசீவர்

14-7-1987, செவ்வாய்.
இன்று ஒரு சின்னத் தவறு செய்தேன். போன் ரிசீவரைப் பெட்டியில் முனை மாற்றி வைத்துவிட்டேன். அப்படியும் கோப்பு சென்னைக்குப் போய்ச் சேர்ந்தது. போயிருக்கக் கூடாது. நான்தான் எதையோ சரியாகக் கவனிக்கவில்லை போலும்.

மறுநாள் மாலை, குற்றாலத்து வீட்டில், ஏசுவடியான் டைரியின் அந்தப் பக்கத்தை மறுபடி படித்துக்கொண்டிருந்தான். தென்காசியில் அவன் படிக்கும் கம்ப்யூட்டர் மாலை வகுப்பை நடத்தும் துல்கர்னைன் சாரின் வீடு அது. அவர் துபாயிலிருந்து கொண்டுவந்த கம்ப்யூட்டருக்கு டி.வி.தான் திரை. பக்கத்தில், போன் ரிசீவரைக் கவிழ்த்து வைக்க இரண்டு ரப்பர் கிண்ணங்கள் உள்ள பெட்டி. ஒரு கிண்ணம் போனின் வாய்க்குள் விசிலடிக்கும். மற்றது போனின் காதிலிருந்து சென்னையிலுள்ள பெரிய கம்ப்யூட்டரின் பதில் விசிலைக் கேட்கும். கோப்பின் ஒவ்வொரு துண்டுக்கும் அங்கிருந்து ‘சரி’ வந்தால்தான் அடுத்தது போகும்.

சார் குடையை எடுத்தார். “செங்கோட்டை ஸ்டேஷனுக்குப் போயி வீட்டுக்காரிய கூட்டிட்டு வந்துருதேன். ரயிலு லேட்டுன்னு சொல்லுதானுவ.”

“வீட்ல வேற யாரும் இருக்காங்களா சார்?”

“யாருலே இருப்பா? குரங்கு வந்தாத்தான் உண்டு. கதவைப் பூட்டிக்க.”

ட்ரங்க் கால் கிடைத்தது. சென்னை மெஷின் அறையில் ராமசேஷன். பக்கத்து இலத்தூர்க்காரர்.

“ஏலே ஏசுவடியான், அருவியில தண்ணி விழுதா?”

“நல்லா விழுது அண்ணாச்சி.”

“இங்கன எனக்கு வேர்வைதான் விழுது. நேத்து பாதி சுத்தமா வந்துச்சு. மீதி நாளைக்குள்ள வரணும் பாத்துக்க. வராட்டி உனக்குன்னு சொல்லி வச்சிருக்க வேலைய மதுரைக்காரன் கொண்டு போயிருவான்.”

ரிசீவரை இம்முறை சரியாக வைத்தான். வயர் இருக்கும் முனை எந்தப் பக்கம் என்று விரலால் தொட்டுப் பார்த்தே வைத்தான். முதல் துண்டிலேயே திரை முழுக்கக் குப்பை எழுத்துகள். அருவி இரைச்சல் கிண்ணத்துக்குள் நுழைகிறதோ என்று ஜன்னல்களைச் சாத்தினான். தலையணையைப் பெட்டியின் மேல் போட்டு அமுக்கினான். வேறு கேபிள் மாட்டினான். ஒவ்வொரு முறையும் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும் என்பது சார் சொல்லிக்கொடுத்த முறை, அதன்படியே செய்தான். சாத்திய அறைக்குள் மூலிகை எண்ணெய் வாடையும் ஈர மரத்தின் வாடையும் கனத்தன. அவற்றுக்கு அடியில், அருவிப்பாறையின் பின்பக்கத்துப் பாசி மாதிரி இன்னொரு வாடை.

குப்பை எழுத்துகள் நிற்கவில்லை.

மாற்றாமல் மிச்சமிருந்தது ஒன்றுதான். ரிசீவரைத் திருப்பி வைத்தான்.

பெட்டியின் சிவப்பு விளக்கு உடனே எரிந்தது. சரி. சரி. சரி. துண்டு துண்டாகக் கோப்பு போயிற்று. சென்னையில் தனக்கென்று ஒரு நாற்காலி கிடந்து சுழல்வதைக்கூட அவன் ஒரு கணம் பார்த்துவிட்டான். அதற்குப் பிறகுதான் யோசித்தான். கேட்கும் கிண்ணம் இப்போது போனின் வாயோடு ஒட்டியிருக்கிறது. போனின் வாய் பேசாது. அப்படியானால் பெட்டி எதைக் கேட்கிறது?

தலையணையை எடுத்துவிட்டுக் குனிந்தான். மெல்லிய விசில். கிண்ணத்துக்குள் அல்ல. வெளியே. மேஜைக்கு அந்தப் பக்கம். நடுநடுவே நின்று, மூச்சு வாங்கி, மறுபடி.

குரங்கு விசிலடிக்காது.

ரிசீவரை உருவிக் காதில் வைத்தான். “அண்ணாச்சி?”

“பிரமாதமா வந்துச்சுலே! இன்னும் கொஞ்சந்தான் மிச்சம். மெஷினை நிறுத்துதாங்க, நாளைக்கு அனுப்பு. வேலை உனக்குத்தான். கூட நிக்கவருகிட்டயும் சொல்லிரு.”

“யாரு அண்ணாச்சி?”

“வெளையாடாதலே. உன் பக்கத்துல நின்னு விசிலடிக்காரே, அவருதான். இப்பவும் கேக்குதே.”

போனை வைத்தான். ரிசீவர் அதன் இடத்தில் இருந்தது. கிண்ணங்கள் காலி. விளக்கு அணையவில்லை.

விசிலும் நிற்கவில்லை.

டி.வி.யை அணைத்தான். கறுத்த கண்ணாடியில் அறை வளைந்து தெரிந்தது. மேஜை. அவன். அவன் தோளுக்குப் பக்கத்தில் குனிந்த ஒரு தலை. தலைமுடியிலிருந்து சொட்டும் நீர். காலிக் கிண்ணத்தில் வாயைப் பதித்திருந்தது. கன்னம் உப்பியது. வற்றியது. உப்பியது. கண்கள் மட்டும் கண்ணாடி வழியாக அவனையே பார்த்தன. வகுப்பில் அடுத்த கேள்விக்குக் காத்திருப்பதுபோல. பொறுமையாக.

அவன் திரும்பவில்லை. முடியவில்லை. கைக்குத் தெரிந்தது ஒன்றுதான். டைரியை இழுத்தது. எழுதியது. தாளில் நீர் சொட்டியது.

15-7-1987, புதன்.
நாளைய வேலை: மீதிக் கோப்பை அனுப்ப வேண்டும். ரிசீவரை மாற்றியே வைக்க வேண்டும்.