ஏழு படத்திலும் அசையாதது

சாவி கிடைத்த கையோடு அக்காவும் தம்பியும் அந்தப் பழைய வீட்டுக்குள் நுழைந்தார்கள். காலை பத்து மணி. வெளியே கண் கூசும் வெயில். உள்ளே மூலைக்கு மூலை கும்மிருட்டு, ஈரச் சுண்ணாம்பு வாடை.

"நாளைக்கே குழந்தையோட குடி வந்துடுவேன்டா," என்றாள் அக்கா. "நீ போட்டோ எடுத்துட்டு கிளம்பு. நான் இருந்து கூட்டிப் பெருக்கிட்டு வர்றேன்."

அவன் கேமராவை ஸ்டாண்டில் பொருத்தி, ஒரே கோணத்தில், வெளிச்சத்தைப் படிப்படியாகக் கூட்டி, ஏழேழு படங்களாக எடுத்தான். முதல் படம் கன்னங்கரேல், ஏழாவது வெள்ளை வெளேர். ஏழையும் ஒன்றாக்கினால்தான் ஜன்னல் வெயிலும் மூலை இருட்டும் ஒரே படத்தில் ஒழுங்காகத் தெரியும். ஹால், நடை, சமையலறை என்று மூன்று இடங்கள். எடுத்து முடிக்கும்வரை அக்கா அவன் முதுகுக்குப் பின்னால்தான் நின்றாள்.

தன் அறைக்குத் திரும்பியதும் ஏழையும் ஒன்றாக்க, கம்ப்யூட்டரில் கட்டளைகளைத் தட்டும் கறுப்புத் திரையைத் திறந்தான். மவுஸைப் பிடித்து இழுத்துக்கொண்டிருப்பதெல்லாம் அவனுக்கு ஆகாது. ஒரு வரி கட்டளை, ஒரு எண்டர், வேலை முடிந்தது.

ஹால் படம் வந்தது.

மூலையில் ஓர் ஆள்.

"சே, அக்கா குறுக்க வந்திருப்பா," என்று முணுமுணுத்தான். படத்துக்குப் படம் அசைந்ததையெல்லாம் துடைத்தெறிய ஒரு வழி உண்டு. அந்த ஒரு சொல்லைக் கட்டளையின் வாலில் ஒட்டி, மறுபடி ஓட்டினான்.

ஆடிய ஜன்னல் திரையின் மங்கல் போய்விட்டது. ஆள் போகவில்லை. இன்னும் தெளிவாகியிருந்தது.

அது ஏழு படத்துக்கும் இம்மியும் அசையாமல் நின்று கொடுத்திருக்கிறது.

நடைப் படத்தை ஓட்டினான். அது கேமராவை நோக்கிப் பாதி தூரம் வந்திருந்தது.

சமையலறைப் படத்தில் கேமராவை ஒட்டி அந்த முகம். அது கேமராவைப் பார்க்கவில்லை. அவன் தோளுக்கு மேலே, அக்கா நின்ற இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.

போனை எடுத்தான்.

"அக்கா, வெளிய வா."

"ஏன்டா குசுகுசுன்னு பேசுற?"

"கேள்வி கேக்காத. உள்ள ஏதோ இருக்கு."

"என்ன, உன் மூளையா? கூட்டும்போது கண்ணுல படல."

"விளையாடாதக்கா. உன் குழந்தை மேல ஆணையா சொல்றேன்."

மறுமுனையில் சிரிப்பு நின்றது. துடைப்பம் விழுந்தது. வேகமான காலடிகள். கேட் கிறீச்சிட்டது.

"தெருவுக்கு வந்துட்டேன், போதுமா? மண்டை பொளக்குற வெயில்டா. இரு, போட்டோ அனுப்புறேன். பாத்துட்டு தண்ணியக் குடி, பயந்தாங்கொள்ளி."

அவனுக்கு மூச்சு வந்தது.

போன் அதிர்ந்தது. படத்தில், உச்சி வெயிலில் அக்கா நாக்கைத் துருத்தியபடி சிரித்தாள்.

இந்தப் படத்தில் எந்த இருட்டையும் வெளுக்க வேண்டியிருக்கவில்லை.

அவள் கன்னத்தோடு கன்னம் ஒட்டி, அந்த முகமும் நாக்கைத் துருத்தியிருந்தது.