நான்கு எலுமிச்சம்பழங்கள்

கார் நின்ற இடத்தில் நசுங்கிய நான்கு எலுமிச்சம்பழங்கள் மட்டுமே கிடந்தன.

2004ஆம் ஆண்டு, ஒரு தை மாதக் காலை. இராயபுரத்தில் ‘பரிசோதித்துச் சான்றளிக்கப்பட்ட பழைய கார்கள்’ என்ற பலகை தொங்கும் கடையின் முற்றம். வாங்கிய வண்டியை எடுத்துப்போக வந்த ரமாபாய், கையிலிருந்த மாலையைக் கணவர் பீம்ராவின் தோளில் போட்டுவிட்டுக் குனிந்து பார்த்தாள்.

“எனக்கு எதுக்கு ரமா மாலை? காணாமப் போனது காருதானே” என்றார் அவர்.

ரமாபாய் காவல்துறை உதவி ஆய்வாளர். அன்று விடுப்பில் இருந்தாள்.

ஒரு மாதமாக இருவரும் இரண்டு கடைகளை ஒப்பிட்டிருந்தார்கள். திருவொற்றியூர்க் கடையில் வண்டிகள் சாலையைப் பார்த்து மினுங்கின. எந்தக் குறையைக் கேட்டாலும் அங்கே ஒன்றுமில்லை என்பதே பதில். இங்கோ இட நெருக்கடி. வண்டிகள் சுவரில் மூக்கை முட்டிக்கொண்டு நின்றன. என்ஜினைக் காட்டுவதற்கே பின்னால் எடுக்க வேண்டியிருந்தது. ஆனால் பரிசோதகன் நீலமேகம், அவர்கள் கேட்பதற்கு முன்பே கிளட்ச் தேய்ந்திருப்பதைச் சொல்லி, மாற்றியும் கொடுத்தான். அந்த நேர்மைக்காகத்தான் இந்தக் கடையைத் தேர்ந்தார்கள்.

அந்த நீலமேகம்தான் இப்போது திருடன் என்று குற்றஞ்சாட்டப்பட்டு, வாயிலருகே வெளிறி நின்றான். செய்தி வியாசர்பாடியில் அவன் வீடுவரை போய்விட்டிருந்தது.

கார்ச் சாவிகள் எப்போதும் கடைக்குள் ஆணியில்தான் தொங்கும். வாயிற்பூட்டு உடைபடவில்லை. அதற்குச் சாவிகள் இரண்டு: ஒன்று மேலாளர் வரதனிடம், மற்றது காலையில் கடை திறக்கும் நீலமேகத்திடம். ரமாபாய் வரதனை அழைத்தாள்.

“ராத்திரி கடை சாத்துறப்ப கார் இருந்துச்சா?”

“இல்லாமயா எலுமிச்சம்பயம் வெச்சேன்? சக்கரத்துக்கு முன்னாடி ஒன்னொன்னா நாலு. காலைல நல்ல நேரம் சீக்கிரமே வந்துடுதுன்னு அப்பவே வெச்சுட்டேன்.”

“உங்க சாவி?”

“நேரா மொதலாளி வூட்ல குடுத்துட்டேன். மீதி சாவி இவன்கிட்டதான் கீது. இவன்தான் வந்து ஓட்டிகினு பூட்டான்.”

நேற்று கடைப்பக்கமே வராத முதலாளி செல்வம், இரவு சாவி தன்னிடம் வந்ததை ஒப்புக்கொண்டார். நீலமேகமோ நேற்று மத்தியானமே உதிரிபாகம் வாங்கப் புதுப்பேட்டைக்குப் போனதாகவும், அங்கிருந்தே வீடு திரும்பியதாகவும் சொன்னான். கேவலமான இரண்டு வண்டிகளுக்குச் சான்று தர மறுத்த நாளிலிருந்தே வரதனுக்குத் தன்மேல் கோபம் என்றும் தயங்கிச் சேர்த்துக்கொண்டான்.

ரமாபாய் மீண்டும் பழங்களைப் பார்த்தாள். நான்குமே தரையோடு தட்டையாக ஒட்டியிருந்தன.

“ஏங்க, எதிர்க் கடையில நாலு எலுமிச்சம்பழம் வாங்கிட்டு வாங்க.”

பக்கத்தில் சுவரை முட்டி நின்ற காரின் ஒவ்வொரு சக்கரத்துக்கும் முன்னால் ஒரு பழத்தை வைத்தாள். செல்வத்தை அதை வெளியே எடுக்கச் சொன்னாள். கார் நேராகப் பின்னால் உருண்டது. பின்சக்கரங்களுக்கு முன்னால் இருந்த இரண்டு பழங்கள் மீது முன்சக்கரங்கள் ஏறி இறங்கின. சுவரோரத்து இரண்டும் அப்படியே மஞ்சளாக உட்கார்ந்திருந்தன.



“பின்னால எடுத்தா ரெண்டுதான் நசுங்கும். நாலும் நசுங்கணும்னா வண்டி முன்னால போயிருக்கணும், முன்னால சுவர்” என்றாள் ரமாபாய். “வரதன், நீங்க பழம் வெச்சப்ப இங்க காரே இல்ல. நீலமேகம் புதுப்பேட்டை போன நேரத்துல ஓட்டிட்டுப் போயிட்டீங்க. ராத்திரிவரைக்கும் இருந்த மாதிரி காட்ட, பழத்தை வெச்சு நீங்களே மிதிச்சிருக்கீங்க.”

வரதன், கார் எண்ணூரில் மைத்துனன் கொட்டகையில் இருப்பதை ஒப்புக்கொண்டான். வண்டியும் மிஞ்சும், சான்றுக்குக் குறுக்கே நிற்பவனும் ஒழிவான் என்று கணக்குப் போட்டிருந்தான்.

“ரெண்டோட நிறுத்தியிருந்தா நானே நம்பியிருப்பேன். ஏன் நாலையும் மிதிச்சீங்க?”

“எத்தினி வருசமா டெலிவரி குடுக்குறேன் மேடம். ஒன்னு நசுங்காம பூட்டாகூட வண்டிக்கு ஆவாதுன்னுவாங்க. காலு தானா பூடுச்சு.”

செல்வம் காவல் நிலையத்துக்குத் தகவல் சொல்லிவிட்டு, நீலமேகத்தின் கையைப் பற்றினார். விசாரிக்காமல் சந்தேகப்பட்டதற்கு வருத்தம் தெரிவித்தார். மேலாளர் பொறுப்பையும் ஏற்கச் சொன்னார். அவனோ முதலில் வீட்டுக்கு ஒரு போன் செய்ய வேண்டும் என்றான்.

“சொக்கம்மா, நான்தான். அழுவாத. ஸ்டேசனுக்கெல்லாம் போவல. இன்னாது? அந்தக் கடங்காரன் வரதன்தான் கார எடுத்தது. சரி, நீ மீன வாங்கி கொயம்பு வெய்யி. மத்தியானம் வூட்டுக்கு வந்துடுறேன்.”