போஸ்டரில் ஒரு கொலைகாரி!

"வீ...ல்!"

மூன்றாவது மாடியிலிருந்து வந்தது அந்த அலறல்.

கீழே வரவேற்பறையில் மண்டியிட்டு ரங்கோலிக்கு மஞ்சள் பொடி தூவிக்கொண்டிருந்த பூங்குழலி, பொடி டப்பாவைக் கீழே போட்டாள்.

இன்ஜினீயர் பூங்குழலி!

ஆமாம், இன்ஜினீயர்தான். மைசூரு ஹெப்பாளில் பச்சைக் கண்ணாடி போர்த்தி நிற்கும் 'ஆர்க்கிட்ரா சிஸ்டம்ஸ்' கம்பெனியின் செக்யூரிட்டி இன்ஜினீயர். சந்தேகம் இருந்தால் அவள் தலைக்கு மேலே பாருங்கள். சுவரை அடைத்துக்கொண்டு ஒரு போஸ்டர். அதில் பட்டுப்புடவையில் அவள், கையில் லேப்டாப். கீழே கொட்டை எழுத்தில்... 'வனத்திலிருந்து வானம்! கோபிநத்தத்தின் மகள், எங்கள் கம்ப்யூட்டர்களின் காவல்காரி!'

அந்த லேப்டாப் போட்டோகிராபருடையது.

காட்டோரத் தமிழ்ப் பிள்ளைகளை ஐ.டி.யில் சேர்க்கும் புரோக்ராம் நடத்துகிறோம் என்று மேடை மேடையாகத் தம்பட்டம் அடிக்கிற கம்பெனி அது. வெளிநாட்டு க்ளையன்ட் வந்தால் பூங்குழலி ரங்கோலி போட வேண்டும். ஆரத்தி எடுக்க வேண்டும். தமிழில் ஒரு பாட்டும் பாட வேண்டும். க்ளையன்ட் கண்கலங்கி கான்ட்ராக்டில் கையெழுத்துப் போடுவார். அடுத்த க்ளையன்ட் வரும்வரை அவள் கேன்டீனில் உட்கார்ந்து கொட்டாவி விடலாம்!

இன்றைக்கு வருகிறவர் டென்மார்க்காரர்.

பூங்குழலி படியேறி ஓடினாள்.

மூன்றாவது மாடி லேப் வாசலில், துடைப்பத்தைப் பிடித்தபடி நடுங்கிக்கொண்டிருந்தாள் துப்புரவு வேலை பார்க்கும் கெம்பம்மா. கதவைக் காலால் முட்டுக்கொடுத்துத் திறந்து வைத்திருந்தாள்.

"அய்யோ தேவரே... கடவுளே... உள்ள பாரும்மா... ஜெயகிருஷ்ணன் சாரு..."

செக்யூரிட்டி டீம் தலைவர் ஜெயகிருஷ்ணன் குப்புறக் கிடந்தார். பின்மண்டையில் ரத்தம். பக்கத்தில் உடைந்து கிடந்தது கனமான கண்ணாடிக் கேடயம். 'சிறந்த சமத்துவ நிறுவனம்' என்று போன வருஷம் யாரோ கொடுத்த விருது!

"மாதேஸ்வரா..." பூங்குழலி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

இந்தக் கட்டடத்திலேயே அவளிடம் பாட்டு கேட்காமல் படிப்பைப் பற்றிக் கேட்ட ஒரே மனுஷர் அவர்தான். அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

பின்னாலிருந்து ஒரு குரல்.

"அவளைப் பிடிங்க! அவதான்!"

எம்.டி. வினய்.

* * *

இன்ஸ்பெக்டர் மாதேவி மீட்டிங் அறை நாற்காலியில் உட்கார்ந்து, தொப்பியைக் கழற்றி மேஜையில் வைத்தாள்.

"சொல்லுங்க சார். என்ன பாத்தீங்க?"

"ஏழரை மணி இருக்கும் மேடம்." வினய் மேடையில் பேசுகிற அதே குரலில் ஆரம்பித்தார். "காரிடார்ல வந்துட்டிருந்தேன். இவ கழுத்துல தொங்கற கார்டை எடுத்து லேப் கதவுல வெச்சா. பீப்னு சத்தம். பச்சை லைட். உள்ள போனா. என் ரெண்டு கண்ணால பாத்தேன்!"

"பொய்யிங்க!" பூங்குழலி கத்தினாள். "நான் காலையிலருந்து கீழதான் ரங்கோலி போட்டுட்டிருந்தனுங்க!"

"கூட யாரும்மா இருந்தாங்க?"

"யாரும் இல்லைங்க..."

"ஹௌதா... அப்படியா..." மாதேவி உதட்டைப் பிதுக்கினாள். "கேமரா இருக்குமே சார்?"

"அழிச்சுட்டாங்க மேடம்! கேமரா, கதவு ரெக்கார்டு... காலையில பதிவானது ஒண்ணுமே இல்ல. அதை அழிக்க இந்தக் கம்பெனியில மூணே பேராலதான் முடியும். செத்துப்போன ஜெயகிருஷ்ணன். நான். அப்புறம்..." வினய் விரலை நீட்டினார். "எங்க செக்யூரிட்டி இன்ஜினீயரம்மா!"

"அந்தப் பொண்ணு எதுக்குக் கொல்லணும்?"

"வேலை சரியில்லன்னு திட்டியிருப்பார். ஊரு கோபிநத்தம் மேடம்! அந்தச் சந்தனக்கட்டைக் கடத்தல்காரனோட ஊரு! காட்டுல வளர்ந்த கூட்டம். நாம கைதூக்கி விடலாம். ரத்தத்தை மாத்த முடியுமா?"

"நான் கொள்ளேகால் சார்." மாதேவி நிதானமாகச் சொன்னாள். "அந்தக் காட்டுக்குப் பக்கந்தான்."

"ஓ... நான் அந்த அர்த்தத்துல சொல்லல..."

"எந்த அர்த்தம்னு அப்புறம் பாக்கலாம். ஏம்மா, நீ என்ன சொல்ற?"

பூங்குழலி கழுத்தில் தொங்கிய கார்டைத் திருகினாள்.

ஒரே ஒரு வாக்கியம் போதும். சொல்லிவிட்டால் தப்பிக்கலாம்.

ஆனால் எப்படிச் சொல்வது? அப்பா காளியப்பன் அந்தப் போஸ்டரின் சின்னப் பிரதியை ஊர் டீக்கடையில் ஒட்டி, போகிறவர் வருகிறவரை எல்லாம் நிறுத்திக் காட்டுகிற மனுஷன். 'எம்புள்ள இல்லைன்னா அந்தக் கம்பெனிய ஒரே நாள்ல சுருட்டிருவாங்க' என்று பீற்றிக்கொள்கிறவர். அவளைப் பார்த்துத்தான் ஊரில் இன்னும் ரெண்டு பெண் பிள்ளைகள் இன்ஜினீயரிங் சேர்ந்திருக்கிறார்கள்.

சொன்னால் மானம் போகும். சொல்லாவிட்டால் ஜெயில்!

'கொலைகாரி ஊர்' என்று இன்னொரு பெயர் வேறு கோபிநத்தத்துக்கு வந்து சேரும்.

கண்ணை மூடிக்கொண்டு சொன்னாள்.

"எனக்கு இங்க வேலையே இல்லைங்க மேடம்..."

"என்னது?"

"வருஷம் ஒண்ணு ஆவப்போவுதுங்க. ஒரு கம்ப்யூட்டர் குடுக்கலை. லாகின் குடுக்கலை. அந்த லேப் கதவு எனக்குத் தொறக்காதுங்க. இந்தக் கார்டு மெயின் கேட்டுக்கும் கேன்டீனுக்குந்தானுங்க. ஊட்டுல கூட சொன்னதில்லைங்க... வெக்கமா இருந்துச்சுங்க!"

வினய் வாய்விட்டுச் சிரித்தார்.

"என்ன கதை பாருங்க மேடம்! எங்க புரோக்ராமோட ஸ்டார் இவ. ஐரோப்பாவுல போய் இவளைப் பத்திப் பேசிட்டு வந்திருக்கேன். பிரதிபா! சொல்லுங்க!"

எச்.ஆர். தலைவி பிரதிபா ஏ.சி.யிலும் வியர்த்தாள். கீழே டென்மார்க்காரருடைய கார் வந்து நின்றுவிட்டது. இந்த நேரத்தில் உண்மையைச் சொன்னால் புரோக்ராம் போச்சு, கான்ட்ராக்ட் போச்சு, அவளும் போச்சு!

"அது... ஆமா சார். நம்ம புரோக்ராம்ல எல்லாருக்கும் ஈக்வல் ஆக்சஸ்..."

பூங்குழலி அவளையே பார்த்தாள். ஒரு பெண்ணைத் தூக்குமேடைக்கு அனுப்புகிறபோதும் இவளால் இங்கிலீஷில் பொய் சொல்ல முடிகிறதே!

"மேடம்!" இன்ஸ்பெக்டரிடம் திரும்பினாள். "என் கார்ட அந்தக் கதவுல வெச்சுப் பாருங்க!"

"அதுதான் சரி. வாங்க எல்லாரும்."

* * *

லேப் கதவு மூடியிருந்தது. வாசலில் ஒரு கான்ஸ்டபிள்.

பூங்குழலி கழுத்திலிருந்து கார்டைக் கழற்றினாள். மாதேவி கை நீட்டுவதற்குள் வினய் அதை வெடுக்கென்று பறித்தார்.

"நானே காட்டறேன்!"

வைத்தார்.

க்ர்ர்ர்க்!

சிவப்பு.

மறுபடி வைத்தார். சிவப்பு! சட்டையில் அழுந்தத் துடைத்துவிட்டு வைத்தார். சிவப்பு!

"மெஷின்... மெஷின்ல ஏதோ பிராப்ளம் இருக்கும்..." பிரதிபா எச்சில் விழுங்கினாள்.

"கெம்பம்மா! உன் கார்ட வெய்யி." ஓரமாக நின்றவளை மாதேவி கூப்பிட்டாள்.

கெம்பம்மா பயந்துகொண்டே வந்து வைத்தாள்.

பீப்! பச்சை. கதவு சமர்த்தாகத் திறந்தது.

"பலே!" மாதேவி பிரதிபாவை முறைத்தாள். "கூட்டறவங்களுக்குத் தொறக்கற கதவு, காவல் காக்கற இன்ஜினீயருக்குத் தொறக்கல. பொய் சாட்சி சொன்னா என்ன ஆகும்னு தெரியுமில்ல?"

பிரதிபா உடைந்தாள்.

"குடுக்கல மேடம்... அந்த புரோக்ராம்ல வந்த யாருக்குமே குடுக்கல. கார்டும் இல்ல, லாகினும் இல்ல. காட்டுப் பக்கத்துப் பசங்க, எதுக்கு ரிஸ்க்குன்னு..."

"யாரைக் கேட்டு?" வினய் சீறினார். "சுவர் முழுக்க போஸ்டர் அடிச்சிருக்கேனே! எல்லா மேடையிலயும் இவளைப் பத்தித்தானே பேசறேன்!"

"சார்... நீங்க போஸ்டர்தானே கேட்டீங்க? வேலை குடுக்கச் சொல்லலியே!"



அந்தப் புரோக்ராமை எழுதியவள் நம்பவில்லை. போஸ்டர் ஒட்டியவன் நம்பவில்லை. போஸ்டரில் சிரித்தவளே நம்பவில்லை. இந்தப் பூமியில் அதை மனசார நம்பிய ஒரே ஜீவன் வினய்! பழி போடத் தோதான ஆள் தேடியபோது, தன் சொந்த விளம்பரத்தையே நிஜமென்று எடுத்துக்கொண்டு வந்து நின்றார்.

"பீப்னு கேட்டுச்சுன்னீங்க." மாதேவி அவரை நெருங்கினாள். "பச்சை லைட்டும் பாத்தீங்க..."

"அது... தூரத்துல... சரியா..."

"ரெக்கார்டை அழிக்க மூணு பேராலதான் முடியும்னும் நீங்கதான் சொன்னீங்க. இந்தப் பொண்ணுக்கு லாகினே இல்ல. ஜெயகிருஷ்ணன் செத்துட்டார். மிச்சம் யாரு சார்?"

வினய் ஓடினார்!

நாலு அடிகூடப் போகவில்லை. கான்ஸ்டபிள் காலரைப் பிடித்து இழுத்துவந்து நிறுத்தினார்.

"அவன் கண்டுபிடிச்சுட்டான்..." வினய்க்கு மேடைக் குரல் எங்கேயோ போயிருந்தது. "க்ளையன்ட்டோட சாஃப்ட்வேரை வேற கம்பெனிக்கு வித்துட்டேன். இன்னைக்கு டென்மார்க்காரன்கிட்ட சொல்லப்போறேன்னான். வேற வழி தெரியல..."

"கூட்டிட்டுப் போங்க!"

* * *

ஜீப்பில் ஏறுவதற்கு முன்னால் மாதேவி நின்றாள்.

"ஏம்மா, ஒண்ணு யோசிச்சியா? இவங்க உனக்கு ஒழுங்கா வேலை குடுத்திருந்தா, நீ இப்ப என் ஜீப்புல உக்காந்திருப்ப!"

"தெரியுதுங்க." பூங்குழலிக்குச் சிரிப்பு வரவில்லை. "ஆனா சந்தோசப்பட முடியலைங்க மேடம். ஒரு நல்ல மனுசனக் கொன்னுட்டாங்க. என்னைய மனுசியாவே நெனைக்கலை. இதுல எதுக்குன்னு சிரிக்கறது?"

மாதேவி அவள் தோளைத் தட்டிவிட்டுப் போனாள்.

புழுதி அடங்குவதற்குள் பிரதிபா மூச்சிரைக்க ஓடி வந்தாள். பின்னால், கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம், டென்மார்க்காரர் திகைத்துப்போய் நின்றிருந்தார்.

"பூங்குழலி! சாரி... ரியலி சாரி! நாளையிலேர்ந்து உனக்கு லாகின், லேப், எல்லாம் ஃபுல் ஆக்சஸ். நீ எந்தப் போஸ்ட் கேட்டாலும் சரி. அவர்கிட்ட மட்டும் வந்து, இங்க எல்லாம் நல்லாத்தான் இருக்குன்னு சிரிச்சுட்டு ஒரு வார்த்தை சொல்லிடேன், ப்ளீஸ்!"

"எந்தப் போஸ்ட்டுனாலுங்களா மேடம்?"

"எதுன்னாலும்!"

"இப்ப எம்.டி. சீட்டு காலிதானுங்களே? எங்கூர்லருந்து ஒரு ஆளக் கூட்டியாந்து உக்கார வெச்சுருங்க. போட்டோவெல்லாம் அம்சமா வரும்... வேலை குடுக்கோணும்னு அவசியமே இல்லைங்க!"