கேட்காமல் கொடுத்த லைன்

புருஷன் தவறிப்போன பிறகு அவள் மறுபடி வேலைக்குக் கிளம்பிய காலையில், பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தது. நல்லதாகப் போயிற்று. முகத்தை வெளியே திருப்பிக்கொண்டு ஆபீஸ் வரும்வரை யாருக்கும் தெரியாமல் அழலாம். அழுதாள். இறங்கியதும் மூக்கைச் சிந்தி, முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு, கண்ணாடிக் கதவைத் தள்ளி உள்ளே போனாள்.

லிஃப்ட் பழுது பார்க்கும் கம்பெனி அது. ஊரில் பாதிக் கட்டடங்களின் லிஃப்ட் அவர்கள் கையில்தான். அவர்கள் கட்டடத்தில் மட்டும் லிஃப்ட் கிடையாது, மாடிப்படிதான். படியின் கீழே அவளுடைய மேஜை. வெயில் எட்டாத மூலை என்பதால் பகலிலும் ட்யூப்லைட் எரியும். காயாத துணியின் வாடை எந்நேரமும் இருக்கும். மேஜைமேல் ஒரு போன். வெளியிலிருந்து கால் வந்தால் இரண்டிரண்டாக விட்டு விட்டு அடிக்கும். ஆபீஸுக்குள்ளிருந்தே யாராவது கூப்பிட்டால் ஒரே நீள மணி.

அந்த மேஜையில் அவள் ராணி. யார், எங்கிருந்து, என்ன விஷயம் என்று மூன்றையும் கேட்காமல் ஒரு லைனைக்கூட உள்ளே விடமாட்டாள். கேட்டு, ஹோல்டில் போட்டு, உள்ளே இருப்பவரிடம் சொல்லி, அவர் சரி என்ற பிறகுதான் கொடுப்பாள். "எமனே போன் பண்ணினாலும், என்ன விஷயமா பேசணும் சார்னு இவ கேப்பா. அவன் வெறுத்துப்போய் வச்சிடுவான்" என்று மாடியில் கணக்குப் பார்க்கும் அக்கா சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். அந்தச் சிரிப்பு படியிறங்கி வந்து கீழே கேட்கும்.

அன்று அந்த ஜோக்கை யாரும் சொல்லவில்லை. அக்கா ஒரு டீயைக் கொண்டுவந்து வைத்து, தோளைத் தொட்டுவிட்டு மேலே போனாள்.

டீயை எடுக்கும்போது போன் அடித்தது. ஒரே நீள மணி.

திரையில் தெரிந்தது அவளுடைய மேஜையின் எண்ணேதான். பழைய போன், இதற்கும் மூளை கலங்கிவிட்டது போலிருக்கிறது என்று நினைத்தபடி எடுத்தாள்.

"வணக்கம், சொல்லுங்க."

"பஸ்ல அழுதீங்களா?"

ஆணா பெண்ணா என்று சொல்ல முடியாத குரல். ரொம்பப் பரிவான குரல். அவளைப் பெற்றவள்கூட அவ்வளவு பரிவாகக் கேட்டதில்லை. அதற்குப் பிறகு அது என்ன பேசியது, தான் என்ன பதில் சொன்னோம் என்று எவ்வளவு யோசித்தும் அவளுக்கு ஞாபகம் வரவில்லை. ரிசீவரை வைத்தபோது டீயில் ஆடை படிந்திருந்தது. காது மட்டும் ஜில்லென்றிருந்தது.

நெஞ்சு, பல் பிடுங்க ஊசி போட்ட ஈறு மாதிரி மரத்துப் போயிருந்தது.

அன்றிலிருந்து அவள் அழவில்லை. பார்த்தவர்கள் எல்லாம் தைரியசாலி என்றார்கள். அவளும் அப்படித்தான் நினைத்துக்கொண்டாள். துக்கம் என்றால் இப்படித்தான் போலும், அழுது தீர்ந்தால் மரத்துப் போகும் போலும். வேலை நடந்தது. ஆனால் லைன் கேட்பவரிடம் யார், என்ன விஷயம் என்று கேட்பது நின்றுபோனது. யாராக இருந்தால் என்ன, என்ன விஷயமாக இருந்தால்தான் என்ன? "இருங்க, கொடுக்கிறேன்" என்பாள். பொத்தானை அழுத்துவாள். அவ்வளவுதான்.

அந்த நீள மணி மறுபடி அடித்தபோதும் அப்படித்தான் செய்தாள்.

"கணக்குப் பார்க்கிற அக்கா இருக்காங்களா?"

"இருங்க, கொடுக்கிறேன்."

அதன் பிறகு மாடியிலிருந்து சிரிப்பு இறங்கி வரவில்லை. சில நாள் கழித்து அக்காவின் மகளுக்குப் பிரசவம் ஆன செய்தி வந்தது. கீழிருந்து இவள்தான் படியேறிப் போய்ச் சொன்னாள். "பேத்தி பிறந்திருக்காக்கா." அக்கா கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அப்படியா" என்றாள். விரல்கள் தட்டிக்கொண்டே இருந்தன. பக்கத்திலிருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இவளுக்கு அதில் ஒன்றும் வித்தியாசமாகப் படவில்லை. மரத்துப்போனவளுக்கு மரத்துப்போனவள் எப்படி வித்தியாசமாகத் தெரிவாள்?

அடுத்த நீள மணி தாடிக்கு வந்தது. தாடி மெக்கானிக். பயந்தாங்கொள்ளி என்று பேர் வாங்கியவன். லிஃப்ட் குழிக்குள் இறங்குமுன் இடுப்பு பெல்ட்டை இழுத்து இழுத்துப் பார்ப்பான். பார்த்தது போதாதென்று இன்னொருத்தனை இழுத்துப் பார்க்கச் சொல்வான். "புதுப் பொண்டாட்டிக்காரன், எனக்கு உசுரு வெல்லம்" என்பான். அவனுக்கும் கேட்காமலே லைனைக் கொடுத்தாள்.

மறுநாள் மேனேஜர் வெளியிலிருந்து நேராக வந்து அவள் மேஜை முன்னால் நின்றார். சட்டையில் கிரீஸும் ரத்தமும் இருந்தன.

"தாடி குழிக்குள்ள விழுந்துட்டாம்மா."

"ஐயோ" என்றாள். சொல்ல வேண்டிய இடம் என்பதால் சொன்னாள்.

"உயிருக்கு ஒண்ணுமில்ல. கால் ரெண்டா போச்சு. பெல்ட்டே போடாம விளிம்புல நின்னிருக்கான். அவனா இப்படி? கத்தவே இல்லம்மா. நாங்க போய்ப் பார்க்கிறப்ப, உடைஞ்ச காலைப் பார்த்துக்கிட்டு சும்மா உட்கார்ந்திருக்கான். வலிக்குதாடான்னு கேட்டேன்." மேனேஜர் குரலைத் தாழ்த்தினார். "'போன்லயே எடுத்துட்டாங்க சார்'ங்கறான்."

ட்யூப்லைட் முனகியது.

"நேத்து அவனுக்கு ஒரு லைன் கொடுத்தியாமே. யாரு அது?"

"கேக்கல சார்."

"கேக்கலையா? நீயா?"

அவர் அவளையும் போனையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, பாம்புப் புற்றைக் கண்டவர்போல, மேஜையைத் தொடாமல் பின்வாங்கி மேலே போய்விட்டார்.

அப்போதுதான் அவளுக்கு அந்த பஸ் ஞாபகம் வந்தது. இறங்கும்போதுகூட விம்மிக்கொண்டிருந்தோமே! அழுது தீர்ந்து மரத்துப் போகவில்லை. போனை எடுத்த பிறகுதான் மரத்துப் போனது. முதல் லைன் தனக்குத்தான் வந்திருக்கிறது. இது புரிந்தபோது அவள் நடுங்கியிருக்க வேண்டும். நடுக்கம் வரவில்லை. கணக்கு விடை தெரிந்ததுபோல, விஷயம் தெரிந்தது, அவ்வளவே.

ஒரே ஒரு நினைப்புதான் அவளை எழுப்பி நிற்க வைத்தது. வாயாடி.

வாயாடி அவளுடைய மகள். ஆறாம் வகுப்பு. அப்பா செல்லம். பேச ஆரம்பித்தால் சாவி கொடுத்த பொம்மை, அழ ஆரம்பித்தால் மேல் வீட்டுக்காரர் இறங்கி வருவார். அப்பா போன நாளிலிருந்து தினமும் சாயங்காலம் அவர் போட்டோ முன்னால் உட்கார்ந்து அழுவாள். "உனக்கு அப்பா மேல பாசமே இல்ல. ஒரு சொட்டு அழுதியா நீ?" என்று தாயைப் பார்த்துக் கத்துவாள். அந்தக் கத்தலுக்காகத்தான் அவள் வீட்டுக்குப் போவதே. அடுப்பங்கரையில் நின்று, குளிருக்கு நெருப்புப் பக்கம் ஒதுங்கியதுபோல, அந்த அழுகையைக் கேட்டுக்கொண்டிருப்பாள். அந்த மனிதர் வாழ்ந்துவிட்டுப் போனார் என்பதற்கு வீட்டில் மிச்சமிருந்தது அது ஒன்றுதான். மகளுக்கு அந்த லைன் போய்விடக் கூடாது. எது போனாலும் போகட்டும், இது போகக் கூடாது.

மறுநாள் மதியம், எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில், நீள மணி அடித்தது.

எடுத்தாள். இந்த முறை கேட்டாள்.

"யார் பேசறீங்க?"

அந்தப் பக்கம் மூச்சுவிடும் சத்தம்கூட இல்லை.

"எங்கிருந்து பேசறீங்க? என்ன விஷயமா?"

"இவ்வளவு நாளா கேக்கலையே" என்றது குரல். கோபமில்லை. அதே பரிவு. "வலி நின்னுச்சா இல்லையா, சொல்லுங்க."

"நின்னுச்சு."

"அப்புறம் என்ன? எல்லாருக்கும் நல்லதுதானே?"

"இனிமே இங்க யாருக்கும் லைன் கிடையாது."

"பரவாயில்ல. வீட்டுல ஒருத்தங்க தினமும் அழறாங்களே."

அவள் ரிசீவரைப் போட்டுவிட்டு, மேஜைக்கு அடியில் தவழ்ந்துபோய், சுவரிலிருந்து வயரைப் பிடுங்கினாள்.

வயர் கையில் இருந்தது.

போனின் சின்னச் சிவப்பு விளக்கு அணையவில்லை.

கைப்பையை எடுத்துக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல், அப்படியே வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள்.

சாயங்காலம் மகள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தாள். பையை எறிந்தாள். ஷூவைக் கழற்றும்போதே எதற்கோ சண்டை பிடித்தாள். போட்டோ முன்னால் போய் உட்கார்ந்து, முழங்காலைக் கட்டிக்கொண்டு, "அப்பா" என்று ஆரம்பித்தாள். அடுப்பங்கரையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தவளுக்குத் தோள் இளகியது. அழட்டும். நன்றாக அழட்டும். போன் அங்கே, வயர் இங்கே, இனி என்ன செய்துவிடும் என்று நினைத்தாள்.

மேடைமேல் அவள் மொபைல் அடித்தது. இரண்டு கையிலும் சோப்பு நுரை. புறங்கையால் தள்ளி, தோளுக்கும் காதுக்கும் இடையில் இடுக்கிக்கொண்டாள்.

"ஆன்ட்டி, அவ இருக்காளா? வீட்டுப்பாடம் கேக்கணும்."

சின்னப் பெண்ணின் குரல். தினமும் இந்த நேரத்துக்கு யாராவது ஒரு வாண்டு கூப்பிடும் வழக்கம்தான். ஆடிய காலும் பாடிய வாயும் சும்மா இருக்காது என்பார்கள். இத்தனை வருஷம் மேஜையில் உட்கார்ந்து சொன்ன வாய். ஆறாம் வகுப்புக் குழந்தையிடம்கூட மரியாதை குறையாமல் அதுபாட்டுக்குச் சொன்னது.

"இருங்க, கொடுக்கிறேன்."

மகள் எழுந்து வந்து, மூக்கை உறிஞ்சியபடி போனை வாங்கிக்கொண்டு ஹாலுக்குப் போனாள்.

அவள் குழாயைத் திறந்து கையைக் கழுவினாள்.

தன் மொபைலில் கால் வந்தால் பாட்டு வரும்.

சற்றுமுன் பாட்டு வரவில்லை.

ஒரே நீள மணிதான் அடித்திருந்தது.

ஈரக் கையோடு ஓடினாள். ஹாலில் மகள் நின்றிருந்தாள். போன் காதில் இருந்தது. "ம்" என்றாள். "ஆமா, ரொம்ப" என்றாள். பிறகு வாய்க்குள்ளேயே ஏதோ ஒப்பித்துக்கொண்டிருந்தாள். தாய் போனைப் பிடுங்கினாள். திரை இருட்டாக இருந்தது. மகளின் காது ஐஸ்கட்டியாக இருந்தது. கன்னத்தில் பாதி வழிந்த கண்ணீர் அங்கேயே நின்றிருந்தது. மகள் அதைச் சட்டைக் கையால், ஏதோ அழுக்கைத் துடைப்பதுபோலத் துடைத்துக்கொண்டாள்.

"யாருடி அது? என்னடி கேட்டாங்க?"

"தெரியலம்மா."

"அழுடி" என்றாள் தாய். மகளின் தோளைப் பிடித்து உலுக்கினாள். "என்னைத் திட்டு. எனக்குப் பாசமில்லன்னு கத்து. கத்துடி!"

"எதுக்கும்மா கத்தணும்?" வாயாடி பொறுமையாகக் கேட்டாள். சுவரைத் திரும்பிப் பார்த்தாள். "அந்த போட்டோவைக் கழட்டி உள்ள வச்சிடலாமா? ஒரே தூசி."

இப்போது தலையில் அடித்துக்கொண்டு ஓலமிட வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்தது. நெஞ்சு வெடிக்க வேண்டும். நின்று, அது வருவதற்காகக் காத்திருந்தாள். குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. ஒன்றும் வரவில்லை.

மகள் ஸ்டூலைப் போட்டு ஏறி, போட்டோவைக் கழற்றினாள். கீழே இறங்கி, அதைக் கவிழ்த்து மேஜைமேல் வைத்தாள். பிறகு ஏதோ ஞாபகம் வந்தவளாக நிமிர்ந்தாள்.

"எங்க கிளாஸ்ல வேற யாரெல்லாம் அழுவாங்கன்னு கேட்டாங்கம்மா."

"நீ என்ன சொன்னே?"

"எல்லார் வீட்டு நம்பரும் சொன்னேன்."

தாய் அடுப்பங்கரைக்குப் போய், குழாயை மூடி, இரண்டு தட்டுகளை எடுத்து வைத்தாள்.

"சரி, சாப்பிட வா" என்றாள்.