ஒரு பருக்கைகூட இல்லாத விருந்து

நாட்டுக்குத் துன்பம் வரும்போதெல்லாம் எங்கோ ஒரு பெரிய மனிதர் எழுந்து நின்று, தம் சுகத்தைத் துறக்கிறார். அறுபத்தைந்தாம் வருஷம் அரிசிக்குத் தட்டுப்பாடு வந்தபோது, சின்ன காஞ்சிபுரத்தில் அப்படி எழுந்து நின்றவர் பட்டு ஜவுளி முதலாளி கோதண்டபாணி. அவர் சோற்றைத் துறந்தார்.

திங்கட்கிழமை ராத்திரி மட்டும்.

மற்ற ராத்திரிகளில் வழக்கம்போல் சாப்பிட்டார். செவ்வாய்க்கிழமை காலையில் கொஞ்சம் சேர்த்தே சாப்பிட்டார்.

அவருடைய மகள் வைதேஹிக்குப் பதினொரு வயது. தெருவில் ‘அரிசிச் சிக்கன சங்கம்’ ஒன்றை அப்பா தொடங்கியதும், அதற்கு அவரே தலைவரானதும் அவளுக்குத் தெரியும். தலைவருக்குப் போட வேண்டிய மாலையைக் கடையில் வாங்கிக்கொண்டு வந்தவளே அவள்தான்.

“திங்கக்கிழமை சாயங்காலம் நம்ம வூட்டுல விருந்து” என்றார் அப்பா. “தாசில்தார் வராரு. பத்திரிகைக்காரர் போட்டோ புடிக்க வராரு. ஒரு பருக்கை அரிசி இல்லாம தெருவுக்கே சாப்பாடு போடப் போறேன்!”

“எதை வெச்சு?” என்றாள் அம்மா வரலக்ஷ்மி.

அப்பா சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். மதராஸில் யாரோ ஆங்கிலப் பத்திரிகையிலிருந்து கிழித்துக் கொடுத்தது. “உருளைக்கிழங்கு சாலட்! சீமையில ராஜா வூட்டுல இதான் சாப்பாடு.”

வைதேஹி தாளை வாங்கி எழுத்துக்கூட்டிப் படித்தாள். “கிழங்கை வேக வைக்கணும். அது மேல வெள்ளையா, கெட்டியா ஒரு சாஸ் ஊத்தணும். அந்த சாஸுக்கு முட்டையோட மஞ்சக் கரு...”

அப்பா தாளைப் பிடுங்கிக்கொண்டார். அந்த வீட்டுக்குள் முட்டை நுழைந்ததே இல்லை.

“அந்த வரியைப் படிக்காதே.”

“அந்த வரி இல்லாட்டி வெறும் கிழங்குதாம்பா.”

“அதெல்லாம் உங்கம்மா பாத்துப்பா” என்று சொல்லிவிட்டு, அப்பா மேடைப் பேச்சைத் தயார் செய்யப் போய்விட்டார்.

அம்மா பார்த்துக்கொண்டாள். திங்கட்கிழமை பள்ளிக்கூடம் விடுமுறை. அன்று காலையில் கெட்டித் தயிரை மெல்லிய துணியில் கட்டி ஜன்னல் கம்பியில் தொங்கவிட்டாள். தண்ணீர் சொட்டிச் சொட்டி வடிந்தது. துணியைப் பிரித்தபோது தயிர் வெண்ணெய்போல் இருந்தது. அதில் உப்பும், மிளகுப் பொடியும், அரைத்த கடுகும் சேர்த்து அடித்தாள். விரலால் தொட்டு வைதேஹியின் நாக்கில் தடவினாள்.

“எப்படி?”

“ராஜாவுக்கே இது கெடைச்சிருக்காதும்மா!”

கிழங்கை வேகவைத்து, தோலுரித்து, துண்டு போட்டார்கள். வைதேஹி வெள்ளரிக்காய் நறுக்கினாள். அப்புறம் யோசித்துவிட்டுக் கொஞ்சம் மாங்காயும் துருவிப் போட்டாள். அம்மா பச்சை மிளகாயையும் கொத்தமல்லியையும் பொடியாக நறுக்கிச் சேர்த்தாள்.

“தாளிச்சுக் கொட்டினா இன்னும் நல்லா இருக்கும்” என்றாள் அம்மா.

கூடத்திலிருந்து அப்பாவின் குரல் வந்தது. “தாளிக்கக் கூடாது! தாளிச்சா அது பொரியல். தாளிக்காட்டிதான் சாலட்!”

அம்மா ஒரு சிட்டிகைப் பெருங்காயத்தைத் தூவிவிட்டு, டப்பாவைச் சத்தமில்லாமல் மூடினாள். தயிர் சாஸை ஒரு ஈயம் பூசிய பித்தளை அடுக்கில் ஊற்றி, தட்டால் மூடி மேல் பலகையில் வைத்தாள்.

மத்தியானம் கொல்லைப் பக்கமாக இந்திராணி வந்தாள். வைதேஹியின் வகுப்புதான். அவள் அப்பா காசிநாதன், கோதண்டபாணிக்குப் புடவை நெய்து கொடுக்கும் தறிக்காரர். அவள் கையில் ஓர் அலுமினியக் குண்டான் இருந்தது.

“இத ராத்திரிக்கு இங்க வெச்சுக்கிறியா? பாவுக்கஞ்சி.”

பாவு என்பது தறியில் நீளவாக்கில் ஓடும் நூல். விடியற்காலையில் அதைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, அரிசிக் கஞ்சி தடவிக் காயவிடுவார்கள். தடவினால்தான் இழை விறைப்பாக நிற்கும். இல்லாவிட்டால் தறியில் ஏற்றியதும் அறுந்து அறுந்து போகும். கஞ்சிக்கு வேண்டிய அரிசியைத் தறிக்காரர்தான் போட வேண்டும் என்பது கோதண்டபாணியின் சட்டம்.

“ஏன், உங்க வூட்டுல வெச்சா என்ன?” என்று கேட்டாள் வைதேஹி.

இந்திராணி கால் கட்டைவிரலைப் பார்த்தாள். “தம்பி குடிச்சுடுவான். காலையிலேர்ந்து பசின்னு அழுதுக்கினு இருக்கான். ரேஷன்ல போட்ட அரிசி மொத்தமும் இதுல போயிடுச்சு.”

வைதேஹி குண்டானுக்குள் எட்டிப் பார்த்தாள்.

“நாளைக்குப் பாவு போடலைன்னா, வேலைய ஐயம்பேட்டை ஆளுங்களுக்குக் குடுத்துடுவேன்னு மொதலாளி சொல்லிட்டாரு. பத்திரமா பாத்துக்க, வைதேஹி.”

அந்த முதலாளி தன் அப்பாதான் என்பதை இந்திராணி மறந்துவிட்டுச் சொன்னாளா, மறக்காமல் சொன்னாளா என்று வைதேஹிக்குப் புரியவில்லை. குண்டானை வாங்கிச் சமையலறை மூலையில் வைத்து, முறத்தால் மூடினாள்.

சாயங்காலம் கூடம் நிறைந்துவிட்டது. தாசில்தார் நாற்காலியில் உட்கார்ந்தார். தெருக்காரர்கள் பாயில் உட்கார்ந்தார்கள். காசிநாதன் தோளில் துண்டோடு வாசல் ஓரமாக நின்றார். இந்திராணி அவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“ஆண்களும் சமைக்க வேண்டும்!” என்று அறிவித்தார் அப்பா. “சாஸை நானே எடுத்து வந்து, என் கையாலேயே கலக்கப் போகிறேன். போட்டோகிராபர், தயாரா?”

அம்மா அப்போது பக்கத்து வீட்டில் தட்டு இரவல் வாங்கப் போயிருந்தாள்.

அப்பா தம் வாழ்க்கையில் முதல் தடவையாகச் சமையலறைக்குள் நுழைந்தார். எது எங்கே இருக்கும் என்று அவருக்குத் தெரியாது. மேல் பலகையைப் பார்க்கவில்லை. முறத்தைத் தூக்கினார். வெள்ளையாக, கெட்டியாக ஒன்று கண்ணில் பட்டது. கம்பீரமாகத் தூக்கிக்கொண்டு வந்தார்.

“அப்பா! அது வந்து...”

“பெரியவங்க நடுவுல பேசக் கூடாது.”

“இல்லப்பா, அது...”

“வைதேஹி!”

கஞ்சி முழுதும் கிழங்கின் மேல் கொட்டியது. போட்டோ வெளிச்சம் பளிச்சென்று அடித்தது.

“பாருங்கள்! இதில் ஒரு பருக்கை அரிசி உண்டா?” என்று முழங்கினார் அப்பா.

இல்லைதான். எல்லாம் கரைந்திருந்தது.

தட்டுகள் வந்தன. எல்லோரும் சாப்பிட்டார்கள். பக்கத்துக் கடை பாச்சா கண்ணை மூடி மென்றார். “வெள்ளைக்காரன் நம்மள எப்படி இத்தனை வருஷம் ஆண்டான்னு இப்பதான்பா தெரியுது!”

“உப்பு கம்மியா இருக்குதே?” என்று ஒருவர் இழுத்தார்.

“சீமையில அப்படித்தான்” என்றார் அப்பா.

தாசில்தார் இரண்டாவது தடவை கேட்டு வாங்கினார். “என்னவோ தெரியல, ரொம்பப் பழகின ருசியா இருக்குது.”

இந்திராணி சாலட்டைத் தொடவில்லை. அழவும் இல்லை. காலியான குண்டானையே பார்த்துக்கொண்டிருந்தாள். காசிநாதனும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

‘உரக்கச் சொல்லிவிடலாமா?’ என்று யோசித்தாள் வைதேஹி. சொன்னால் அப்பாவின் மானம் போகும். போன மானத்துக்கு யார் மேல் கோபம் வரும்? ‘கண்ட எடத்துல கஞ்சியை யாரு வெக்கச் சொன்னது?’ என்று இந்திராணி மேல்தான் வரும். அத்தனையும் ஆன பிறகும் கஞ்சி திரும்பி வராது.

கஞ்சி வேண்டுமென்றால் அரிசி வேண்டும்.

அவள் சமையலறைக்கு ஓடினாள். அம்மா மேல் பலகையில் இருந்த அடுக்கைத் திறந்து பார்த்துவிட்டு, வாயில் கை வைத்துக்கொண்டு நின்றாள். வைதேஹி குண்டான் விஷயத்தைச் சொன்னாள். இந்திராணியின் தம்பியைப் பற்றியும் சொன்னாள்.

“அம்மா, புடவை ரூம்புல மூட்டை இருக்குதில்ல? யாராச்சும் கேட்டா பட்டு நூல்னு சொல்லணும்னு அப்பா சொன்னாரே. அதைப் பிரிக்கலாமா?”

“அப்பா கேட்டா?”

“இப்ப கேக்க மாட்டாரும்மா. தியாகத்தைப் பத்திப் பேசிக்கினு இருக்காரு. முடிய நேரமாகும்.”

அம்மா இடுப்பிலிருந்த சாவியை எடுத்தாள்.

மூட்டைக்குள் இருந்த பட்டு நூல் வெள்ளை வெளேரென்று, சன்னமாக, பழைய அரிசியாக இருந்தது. பெரிய பானையில் போட்டு அடுப்பை ஊதினார்கள். சோறு கொதித்தது. வாசனை சமையலறையைத் தாண்டிக் கூடத்துக்குள் நடந்து போனது.

“...ஆகவே, இன்று இந்த வீட்டில் அடுப்பே...” என்று சொல்லிக்கொண்டிருந்தார் அப்பா.

தாசில்தார் மூக்கை உறிஞ்சினார். “சோறு வேகற வாசனை வருதே?”

கூடமே மூக்கை உறிஞ்சியது. அப்பாவின் நெற்றியில் வியர்வை அரும்பியது. ஆனால் பெரிய மனிதர்களுக்குச் சமயத்தில் யோசனை வந்துவிடும்.

“பின்னாடி வூடு, சார். காசிநாதன்னு ஒருத்தன். இவங்களுக்கு எவ்வளவு சொன்னாலும் நாட்டுப் பற்று வராது. ஒரு வேளைகூட வயித்தைக் கட்ட மாட்டாங்க.”

காசிநாதன் தோளிலிருந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். இந்திராணி அவரை அண்ணாந்து பார்த்தாள்.

“இல்ல சார்!”

எல்லோரும் திரும்பினார்கள். சமையலறை வாசலில் கையில் கரண்டியோடு வைதேஹி நின்றுகொண்டிருந்தாள்.

“எங்க வூட்டுலதான் சார் வேகுது. சாப்பிட இல்ல, பாவுக்கஞ்சிக்கு. நாளைக்குக் காசிநாதன் மாமா பாவு போடணும். கஞ்சிக்கு அரிசி எங்கப்பாவே குடுத்துடுவாரு. தறிக்காரங்க ரேஷன் அரிசியில கை வெக்கவே கூடாதுன்னு சொல்லுவாரு.”

அப்பாவின் வாய் திறந்தது. அதிலிருந்து முதல் தடவையாக ஒன்றும் வரவில்லை.

“அடடே!” என்றார் தாசில்தார். “எல்லாத் தறிக்காரங்களுக்குமா?”

“எல்லாருக்கும் சார்” என்றாள் வைதேஹி. “எப்பவுமே. இல்லப்பா?”

பத்திரிகைக்காரர் பென்சிலோடு அப்பாவின் முகத்தைப் பார்த்தார். தாசில்தார் பார்த்தார். தெருவே பார்த்தது.

“அது... அது என் கொள்கை” என்றார் அப்பா.

பாச்சா முதலில் கைதட்டினார். பிறகு எல்லோரும் தட்டினார்கள். காசிநாதன் தட்டவில்லை. ஆனால் துண்டைத் திரும்பத் தோளில் போட்டுக்கொண்டார்.

கூட்டம் கலைந்ததும், வைதேஹி குண்டான் நிறையப் புதுக் கஞ்சியை இந்திராணியிடம் கொடுத்தாள். இன்னொரு பாத்திரத்தில் மீதியிருந்த சாலட்டையும் கொடுத்தாள்.

மறுநாள் பள்ளிக்கூடத்தில், “தம்பி சாப்பிட்டானா?” என்று கேட்டாள்.

“வழிச்சு நக்கிட்டான். ‘பாவுக்கஞ்சி வாசனை அடிக்குது’ன்னான்.”

அந்த ஊரிலேயே சாலட்டில் இருந்தது என்னவென்று ருசி பார்த்துச் சொன்னவன் அவன் ஒருவன்தான். அவனுக்கு நாலு வயது.

புதன்கிழமைப் பத்திரிகையில் போட்டோ வந்தது. அப்பா குண்டானைச் சாய்த்துக்கொண்டிருந்தார். கீழே, ‘ஒரு பருக்கை அரிசியும் இல்லாத விருந்து. நெசவாளர்களுக்குக் கஞ்சி அரிசி வழங்கும் கொடை வள்ளல்’ என்று போட்டிருந்தது. அதைப் படித்துவிட்டுத் தறிக்காரர்கள் பையோடு வந்து வாசலில் நின்றார்கள். அப்பா உள்ளே போய், தலைவலி என்று படுத்துக்கொண்டார். அம்மா சாவியை எடுத்துக்கொண்டு புடவை அறைக்குப் போனாள்.

சாயங்காலம் தலைவலி தீர்ந்தது. அப்பா போட்டோவுக்குச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டினார். வருகிறவர்களிடமெல்லாம் காட்டினார். இன்றைக்கும் யாராவது கேட்டால், சாலட் செய்வது எப்படி என்று விளக்கமாகச் சொல்வார்.

அம்மா செய்த தயிர் சாஸ் அந்தப் போட்டோவில் இல்லை. திங்கட்கிழமை ராத்திரி கஞ்சிக்குக் கரைத்தது போகப் பானையில் சோறு மீதி இருந்தது. அப்பா அந்த சாஸை ஊற்றிப் பிசைந்து, மூன்று தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.