உரிந்து வராத ஸ்டிக்கர்

ரோசலின் டீச்சர் வீட்டுக்குப் புது ஃபிரிட்ஜ் வந்தபோது டீச்சரைவிட அதிகமாகக் குதித்தது பக்கத்து வீட்டு பாஸிலாதான். குதித்தது ஃபிரிட்ஜுக்காக இல்லை. அதில் ஒட்டியிருந்த ஸ்டிக்கர்களுக்காக.

ஆறாம் வகுப்பு படிக்கும் பாஸிலாவுக்கு எதில் ஸ்டிக்கரைப் பார்த்தாலும் நகம் பரபரக்கும். ஆப்பிளில் இருப்பதைக்கூட விடமாட்டாள். டீச்சரிடம் கேட்டுக்கொண்டு, கதவில் இருந்த நட்சத்திரத்தையும் பனிக்கரடியையும் பதமாக உரித்துத் தன் ஜியாமெட்ரி பாக்ஸில் ஒட்டிக்கொண்டாள்.

ஃபிரிட்ஜின் பின்பக்கம், மோட்டாருக்குப் பக்கத்தில் இன்னொன்று இருந்தது. மஞ்சள் முக்கோணம், அதற்குள் கறுப்பாக ஒரு தீச்சுடர். எல்லாவற்றிலும் அழகு அதுதான். ஆனால் அது உரிந்து வரவே இல்லை. ஓரம் மட்டும் லேசாகச் சுருண்டது. நகம் ஒடிந்ததுதான் மிச்சம்.

“போ, கஞ்சப் பிசினாறி!” என்று அதைத் திட்டிவிட்டு வந்தாள்.

கிறிஸ்துமஸுக்கு வந்த ஃபிரிட்ஜ் அது. அந்த வருஷம் அடுத்த வாரமே பக்ரீத்தும் வந்தது. பாஸிலா வீட்டில் ஃபிரிட்ஜ் கிடையாது. அதனால் அவள் அம்மா கமர்ஜஹான் கொஞ்சம் கறியைப் பொட்டலமாகக் கட்டி, டீச்சர் வீட்டு ஃப்ரீசரில் வைத்திருந்தார்.

இரண்டு நாள் கழித்து, பொழுது சாயும் நேரத்தில் எரியோடு ஊரிலிருந்து விருந்தாளிகள் வந்து இறங்கினார்கள்.

“பாஸிலா, ஓடிப்போயி டீச்சர் வீட்டுல கறிய வாங்கிட்டு வா. செத்த நேரத்துல அடுப்புல ஏத்தணும்,” என்றார் அம்மா.

அவள் அங்கே நுழையவும் கரண்ட் போகவும் சரியாக இருந்தது.

டீச்சரின் கணவர் ராயப்பராஜ் மாமா ஃப்ரீசரைத் திறந்தார். உள்ளே பனிக்குகை. “கொடைக்கானல் நம்ம வீட்டுக்கே வரட்டும்” என்று குளிரைக் கூட்டும் குமிழை அவர்தான் கடைசிவரை திருப்பி வைத்திருந்தார். கறிப் பொட்டலம் ஐஸோடு ஐஸாக ஒட்டிக்கொண்டிருந்தது.

“கரண்டுதான் இல்லையே. கொஞ்சம் பொறுத்தா தானா உருகிரும்ங்க,” என்றார் டீச்சர்.

“எம்புட்டு நேரம் பொறுக்குறது? பிள்ள காத்துக்கிட்டு நிக்குதுல்ல? இந்தா, இப்ப எடுத்துத் தாரேன் தாயி!”

பொறுப்பது என்றால் மாமாவுக்கு ஆகவே ஆகாது. சமையலறைக் கத்தியை எடுத்து வந்து ஐஸைக் குத்தினார். சக், சக், சக். பொட்டலம் பெயர்ந்து விழுந்தது. கூடவே ‘ஸ்ஸ்ஸ்...’ என்று ஒரு சத்தமும் கிளம்பியது.

“அடடா, கேஸ் போச்சே!” என்றார் மாமா.

டீச்சர் பதறிப்போய்ச் சமையலறைக்கு ஓடினார். சிலிண்டர் மூடியே இருந்தது.

“அடுப்பு கேஸ் இல்ல ரோசலின், ஃபிரிட்ஜ் கேஸ்!” என்று மாமா சிரித்தார். “வெறும் குளுந்த காத்து. மெக்கானிக் பிராங்கிளின வரச்சொல்லித் திரும்ப அடைச்சுக்கலாம்.”

பாஸிலாவுக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த மஞ்சள் முக்கோணம் கண்முன் வந்தது. பள்ளிக்கூடப் பக்கம் போகும் சிலிண்டர் லாரியிலும் நெருப்புப் படம் இருக்கிறது. வெறும் குளிர்ந்த காற்று என்றால் அதற்கு எதற்கு நெருப்புப் படம்?

“மாமா, இது எரியிற கேஸ்! பின்னாடி நெருப்புப் படம் ஒட்டியிருக்கு!”

“நாத்தமே இல்லையே தாயி. எரியிற கேஸுன்னா மூக்கத் துளைக்கும்ல?”

அதுவும் உண்மைதான். எந்த வாடையும் இல்லை. பாஸிலா ஒரு கணம் குழம்பினாள். ஆனால் அந்த ‘ஸ்ஸ்ஸ்’ நிற்கவில்லை.

அதே அறையின் மூலையில், தரையில் கிறிஸ்துமஸ் குடில் இருந்தது. வைக்கோல், பஞ்சுப் பனி, பாஸிலாவே அடுக்கி வைத்த ஆடுகள், நடுவில் குழந்தை இயேசு. குடிலுக்கு முன்னால் ஒரு மெழுகுவர்த்தி எரிந்துகொண்டிருந்தது. பக்கத்திலேயே சேலைத் தொட்டிலில் டீச்சரின் பாப்பா ஐரின் தூங்கிக்கொண்டிருந்தாள்.

தான் சொல்வது தப்பாக இருந்தால் மாமா கேலி செய்வார், அவ்வளவுதான். சரியாக இருந்தால்? பாஸிலா தொட்டிலைப் பார்த்தாள். குடிலை நோக்கிப் பாய்ந்தாள்.

குழந்தை இயேசுவுக்காக ஏற்றிய மெழுகுவர்த்தி. அதைத் தான் அணைக்கலாமா? டீச்சர் கோபித்துக்கொள்வாரே! கேட்டுக்கொண்டு நிற்க நேரமில்லை.

“ஃபூ!”

“ஏய், பாஸிலா!” டீச்சர் திகைத்துப்போனார்.

“மன்னிச்சிருங்க டீச்சர்! பாப்பாவத் தூக்குங்க, வெளிய போயிருவோம்!” என்றபடியே ஜன்னலையும் கொல்லைக் கதவையும் விரியத் திறந்தாள் பாஸிலா.

எத்தனையோ பிள்ளைகளின் குறும்பு முகங்களைப் பார்த்தவர் டீச்சர். இது குறும்பு முகம் இல்லை என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. மறுபேச்சுப் பேசாமல் ஐரினைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார். மாமாவும் முணுமுணுத்துக்கொண்டே பின்னால் வந்தார்.

வாசலுக்கு வந்த பிறகுதான் பாஸிலாவுக்கு இன்னொன்று உறைத்தது. “மாமா, கரண்ட் வந்தா ஃபிரிட்ஜ் தானா ஓடுமே! பொறி பறந்தா கேஸ் பத்திக்கும்! மெயின இறக்கிருங்க!”

மெயின் ஸ்விட்ச் வெளியே, வாசல் சுவரில் இருந்தது.

“நல்ல இன்ஜினியர் வந்து வாச்சா எனக்கு,” என்று சலித்துக்கொண்டே மாமா அதை இறக்கினார்.

கை எடுப்பதற்குள் கரண்ட் வந்துவிட்டது. “ஏய்ய்ய்!” என்று தெருப் பிள்ளைகள் கூச்சல் போட்டார்கள். எல்லா வீட்டிலும் விளக்கு எரிந்தது. டீச்சர் வீடு மட்டும் இருட்டாகவே நின்றது. மாமா அந்த இருட்டையும் தன் கையையும் மாறி மாறிப் பார்த்தார்.

பாஸிலா தன் வீட்டுக்கு ஓடிப் போனில் 101-ஐ அழுத்தினாள். “பேகம்பூர்ல இருந்து பேசுறேன் சார். ஃபிரிட்ஜ் கேஸ் கசியுது. உள்ள யாரும் இல்ல. மெயின இறக்கிட்டோம்,” என்று சொல்லி, தெருவுக்கு அடையாளமும் சொன்னாள்.

தீயணைப்பு வண்டி மணியடித்துக்கொண்டு வந்தது. தெருவே கூடிவிட்டது. வீரர்கள் உள்ளே போய்ப் பார்த்தார்கள். வீடு முழுவதும் நன்றாகக் காற்றோடும்வரை யாரையும் உள்ளே விடவில்லை. கடைசியில் பெரிய மீசையோடு அவர்களின் அதிகாரி கருப்பணன் வெளியே வந்தார்.

“அந்த மெழுகுவர்த்திய அணைச்சது யாரு?” என்றார், இடிபோன்ற குரலில்.

பாஸிலா அம்மாவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். “நான்தான் சார்,” என்று குரல் மட்டும் வந்தது.

கருப்பணன் அவள் உயரத்துக்குக் குனிந்து கை நீட்டினார். “குடு கைய!”

அவள் கையைக் குலுக்கிவிட்டு எல்லோரிடமும் சொன்னார்: “இப்ப வாற சில ஃபிரிட்ஜுல எரியிற கேஸ்தான் இருக்கு. அடுப்பு கேஸுல, கசிஞ்சா தெரியட்டும்னு நாத்தத்தச் சேத்து அனுப்புறாங்க. இதுல அது கிடையாது. காத்தவிட கனம் வேற. தரையோட படரும். மெழுகுவர்த்தியும் தரையில, தொட்டிலும் பக்கத்துல...”

டீச்சர் வாசற்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். பாஸிலாவை இழுத்து ஐரினோடு சேர்த்து அணைத்துக்கொண்டார். அவர் கண்ணீர் பாஸிலாவின் தலையில் சொட்டியது.

“எத்தன பிள்ளைங்களுக்கு நன்றின்னு எழுதச் சொல்லிக் குடுத்திருப்பேன். இன்னிக்கு எனக்கே சொல்ல வாய் வரமாட்டேங்குதே!”

“குழந்தை இயேசு மெழுகுவர்த்திய ஊதிட்டேனே டீச்சர். கோவமில்லையா?”

“கோவமா? அவரும் பக்கத்துல வைக்கோல் மேலதான படுத்திருந்தாரு? அவரும் உனக்கு நன்றி சொல்லியிருப்பாருடி!”

அழுதுகொண்டிருந்த டீச்சரே சிரித்துவிட்டார்.

அன்று அந்தக் கறியில் பாஸிலா வீட்டில் பிரியாணி வெந்தது. டீச்சர் குடும்பத்துக்கும் அங்கேதான் சாப்பாடு. மாமா தன் தட்டில் இருந்த பெரிய துண்டை எடுத்து பாஸிலாவின் தட்டில் வைத்தார். “உன்னால என் பிள்ள பிழைச்சா தாயி,” என்றார்.

பிறகு ஒருநாள் பிராங்கிளின் வந்து ஃபிரிட்ஜைச் சரிசெய்தார். பக்கத்தில் நின்ற மாமாவுக்குத் திடீரென்று ஒரு யோசனை வந்தது.

“பாஸிலாவுக்கு ஏதாச்சும் பரிசு குடுக்கணுமே! அவ ஆசப்பட்ட அந்த ஸ்டிக்கரையே எடுத்துக் குடுத்துருவோம்!” என்று சொல்லி, சமையலறைக்குப் போய் அதே கத்தியோடு வந்தார்.

“ஐயோ, வேணாம்!” டீச்சர், பாஸிலா, பிராங்கிளின் மூவரும் ஒன்றாகக் கத்தினார்கள். அந்தச் சத்தத்தில் ஐரின் விழித்துக்கொண்டு வீறிட்டாள்.

டீச்சர் கத்தியைப் பிடுங்கிக்கொண்டார். பாஸிலா ஃபிரிட்ஜுக்குப் பின்னால் போய் உட்கார்ந்து, அன்று தன் நகம் பட்டுச் சுருண்ட ஓரத்தைக் கட்டைவிரலால் அழுத்தி ஒட்டினாள்.

“நீ இங்கேயே இரு,” என்று அந்தத் தீச்சுடரிடம் ரகசியமாகச் சொன்னாள். “கஞ்சப் பிசினாறின்னு திட்டுனதுக்கு மன்னிச்சுக்கோ.”