டோட்டல் லாஸ்

தீப்பிடித்த இடத்தில் தீய்ந்த வாடை அடிக்க வேண்டும். சென்னியப்பன் பொங்கலூரில் அந்தத் தோட்டத்துக்குள் காரை நிறுத்தி இறங்கியபோது மூக்கில் ஏறியது புதுப் பெயிண்ட் வாடை.

அங்கேயே நின்று இன்னொரு முறை மூச்சை இழுத்துப் பார்த்தார். காலை மழையில் ஊறிய செம்மண், எங்கோ கட்டியிருந்த எருமையின் சாணம், அதற்கெல்லாம் மேலே மெல்லிய துணி போர்த்தியதுபோல் தின்னர் கலந்த அந்த இனிப்பு நெடி. ரப்பர் எரிந்த நாற்றம் பொட்டளவும் இல்லை. ரப்பர் எரிந்தால் நாற்றம் சுவரை விட்டுப் போக மாதக்கணக்கில் ஆகும். இது அவருக்குத் தெரியாததா? இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்காகத் தீ விபத்துகளைப் பார்வையிட்டு நஷ்டத்தை மதிப்பிடும் சர்வேயர் அவர். திருப்பூரைச் சுற்றி எரிந்த நூல் குடோன், பனியன் கம்பெனி, வேஸ்ட் துணிக் கிடங்கு எதையும் மூக்காலேயே படித்துவிடுவார் என்று பேர் வாங்கியிருந்தார்.

‘வாசல்லயே ஆரம்பிச்சுட்டானுங்க’ என்று நினைத்துக்கொண்டார். உதட்டோரத்தில் ஒரு சிரிப்பு வந்தது. பொய்யைக் கண்டதும் வருகிற சிரிப்பு. மனிதர்களிடமிருந்து அவருக்குக் கிடைத்துக்கொண்டிருந்த ஒரே சந்தோஷம் அதுதான். எரிந்த சாம்பலுக்கு முன்னால் தலையில் அடித்துக்கொண்டு அழுதவர்களை நிறையப் பார்த்துவிட்டார். அழுதவன் பாதிப் பொய், அழாதவன் முழுப் பொய் என்பது அவர் கண்ட முடிவு.

கிட்டுசாமி வாசலுக்கு வந்து இரண்டு கையையும் கூப்பினார். பல்லடம் ரோட்டில் சின்னதாக ஒரு பனியன் கம்பெனி வைத்திருந்தவர். இப்போது கம்பெனி பூட்டிக் கிடக்கிறதாம். வெள்ளை வேட்டி, சவரம் செய்யாத முகம். அவர் பின்னால் நிலைப்படியைப் பிடித்தபடி மனைவி கருப்பாத்தாள்.

“வாங்க சார். மழைல சிரமப்பட்டு வந்திருக்கீங்க. உக்காருங்க.”

“பரவால்லீங்க” என்றார் சென்னியப்பன். இந்த ஊர்ப் பணிவு அவரிடமும் உண்டு. வெறுப்பின் மேல் போட்டுக்கொள்ள அதைவிட நல்ல சட்டை கிடையாது.

நாற்காலியில் உட்கார்ந்து, கம்பெனிக்கு இவர்கள் அனுப்பிய படங்களை போனில் மறுபடி பார்த்தார். பழைய காண்டஸா கார். தாராபுரத்துப் பக்கம் காயலான் கடையில் கிடந்ததை வாங்கி வந்து, வீட்டுக்குப் பின்னால் தகர ஷெட்டில் வைத்து, நட்டு நட்டாகக் கழற்றிப் புதிதாகப் பூட்டிக்கொண்டிருந்தார்களாம். ரோட்டையே பார்க்காத வண்டிக்குத் தீ விபத்துப் பாலிசி. கிரீஸ் துடைத்துப் போட்ட வேஸ்ட் துணியில் வெல்டிங் பொறி விழுந்து தீப்பிடித்ததாம். படத்தில் கார் முழுக்கக் கரிக்கூடு. கண்ணாடி எல்லாம் உருகி வழிந்து, டயர் எரிந்து கம்பி மட்டும் வளையம் வளையமாக நின்றது.

இதையெல்லாம் செய்தது அவர்கள் ஒரே மகள் என்றதுதான் அவருக்கு வேடிக்கையாக இருந்தது. தேஜஸ்ரீ. கோயமுத்தூரில் இன்ஜினியரிங் முடித்துவிட்டு, வந்த வரனையெல்லாம் தள்ளிவிட்டு, காருக்கு அடியில் படுத்துக் கிடந்த பெண்பிள்ளை. பணம் இருக்கிற வீட்டில் செல்லம் கொடுத்தால் இப்படித்தான் விளையும்.

“தீப்புடிச்சப்போ ஷெட்டுக்குள்ள யாருங்க இருந்தாங்க?”

“தேஜஸ்ரீதானுங்க” என்றார் கிட்டுசாமி.

“அடி ஏதும் பட்டுச்சுங்களா?”

புருஷனும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை. பார்க்காமலிருக்கக் கவனமாக இருந்தார்கள். “வேலை பாக்கறாளுங்களே” என்றாள் கருப்பாத்தாள். “இப்பவும் உள்ளதானுங்க இருக்கறா.”

அப்போதுதான் அந்தச் சத்தத்தை அவர் தனியாகப் பிரித்துக் கேட்டார். பக்கத்துத் தோட்டத்தில் ஓடிய நிட்டிங் மெஷின்களின் இரைச்சலுக்கு அடியில், வீட்டுக்குப் பின்னாலிருந்து, இரும்பில் இரும்பு உரசும் சின்னச் சத்தம். ஸ்பேனர் நட்டைப் பிடிக்கிறது, திருகுகிறது, நழுவுகிறது, மறுபடி பிடிக்கிறது.

அத்தனையும் விளங்கிவிட்டது அவருக்கு. ஏதோ ஒரு பழைய கூட்டைக் கொளுத்திப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறார்கள். நல்ல வண்டி ஷெட்டுக்குள் பத்திரமாக நிற்கிறது. அதற்குத்தான் பெயிண்ட் அடிக்கிறாள் மகராசி. சர்வேயர் வருகிற நாளில்கூட வேலையை நிறுத்தத் தோன்றவில்லை. திருடத் தெரியாத திருடர்கள் மேல் அவருக்கு இளப்பம் இன்னும் அதிகம்.

“படத்தைப் பாத்தா டோட்டல் லாஸ்தானுங்க” என்று தூண்டிலைப் போட்டார். “முழுப் பணமும் வந்துரும். எரிஞ்ச கூட்டை மட்டும் கம்பெனி எடுத்துக்கும். நாளைக்கே ஆளனுப்பித் தூக்கிருவாங்க.”

கிட்டுசாமியின் முகம் விழுந்துவிட்டது. “அது வேண்டாமுங்க சார்.”

“எது?”

“பணமே வேண்டாமுங்க. என்ர மச்சினன் எங்களக் கேக்காம எழுதி அனுப்பிச்சுட்டானுங்க. வண்டிய மட்டும் தூக்கிட்டுப் போயிராதீங்க. அவ இன்னும் முடிக்கலீங்க.”

கருப்பாத்தாள் சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டாள். அழுகையா, வேறேதுமா என்று தெரியவில்லை. சென்னியப்பன் அதைப் பார்த்து உள்ளுக்குள் சிரித்தார். மாட்டியதும் பணம் வேண்டாமாம். இந்தப் பாட்டையும் கேட்டிருக்கிறார்.

“பாக்காம நான் எதும் எழுத முடியாதுங்க. ஷெட்டைத் தொறங்க.”

“உள்ளருந்து பூட்டிக்குவாளுங்க. சோறு வெக்கறப்போ மட்டுந்தான் ஷட்டரக் கொஞ்சம் தூக்குவா.”

கருப்பாத்தாள் சொல்லாமலே அடுப்படிக்குப் போனாள். அரிசிம்பருப்புச் சோறு ஒரு எவர்சில்வர் தட்டில் ஆவி பறக்க வந்தது, மேலே நெய். மூவரும் வீட்டைச் சுற்றிப் பின்பக்கம் போனார்கள். தென்னை மட்டைகள் ஈரத்தில் கிடந்தன. பொழுது சாய்ந்துகொண்டிருந்தது, மேகத்துக்குக் கீழே மேற்கில் மட்டும் ஒரு மஞ்சள் கீற்று. ஷெட்டின் தகரச் சுவர் புகையேறிக் கறுத்து நெளிந்திருந்ததைப் பார்த்தபோது அவருக்கு முதல் முறையாகக் கணக்கு இடித்தது. தகரம் அந்த மாதிரி நெளிய வேண்டுமானால் உள்ளே உலை மாதிரி எரிந்திருக்க வேண்டும். உள்ளே இருந்த எதுவும் மிஞ்சியிருக்காது.

கருப்பாத்தாள் ஷட்டருக்கு முன்னால் தட்டை வைத்துவிட்டுப் பின்வாங்கினாள். பெற்ற மகளுக்குச் சோறு வைக்கிறவள் நடக்கிற நடையாக அது இல்லை. நாய்க்கு வைக்கிறவள்கூட அத்தனை வேகமாகப் பின்வாங்க மாட்டாள்.

அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போயிற்று. பக்கத்துத் தோட்டத்து மெஷின்கள் ஒன்றன்பின் ஒன்றாக முனகி அடங்கின. அந்த இரைச்சல் எவ்வளவு பெரிதாக இருந்தது என்பது அது நின்ற பிறகுதான் தெரிந்தது. மழைத்துளி இலையிலிருந்து இலைக்கு விழுவது கேட்டது. ஸ்பேனர் சத்தம் கேட்டது. கரண்ட் போனதும் எந்த வேலைக்காரனும் ஒரு நொடி கையை நிறுத்துவான். அது நிற்கவில்லை.

“கண்ணு” என்றார் கிட்டுசாமி, ஷட்டரைப் பார்த்து. “இன்சூரன்ஸ் சார் வந்திருக்காருங்க. வண்டியப் பாக்கோணுமாம்.”

சத்தம் நின்றது.

ஷட்டர் முழங்கால் உயரத்துக்கு மெதுவாக மேலேறியது. உள்ளே இருட்டு. தட்டை யாரும் எடுக்கவில்லை. பெயிண்ட் வாடை ஆளைத் தள்ளுகிற மாதிரி வெளியே வந்தது.

“போங்க சார்.”

“நீங்க வரலீங்களா?”

“எங்கள உடமாட்டாளுங்க” என்றாள் கருப்பாத்தாள். “பெத்தவங்களாச்சேன்னு.”

என்ன பேச்சு இது என்று எரிச்சலாக வந்தது. திரும்பிக் காருக்குப் போய்விடலாம் என்று கால் சொன்னது. ஆனால் இத்தனை வருடமாக அடுத்தவன் பயத்தைப் பார்த்துச் சிரித்தவருக்குத் தன் காலின் பேச்சைக் கேட்க வெட்கமாக இருந்தது. ஒரு பொட்டைப்பிள்ளையின் கூத்துக்குப் பயப்படுவதா? குனிந்து, முதுகு ஷட்டரில் உரச, உள்ளே நுழைந்தார். போன் விளக்கைப் போட்டார்.

கார் நின்றது. படத்தில் பார்த்த அதே கார்.

பின்பாதி அதே கரிக்கூடு. துருவேறிச் செதில் செதிலாக, கூரை நடுவில் குழிந்து, பின்சீட்டு இருந்த இடத்தில் ஸ்பிரிங் மட்டும் சுருண்டு. விளக்கை முன்னால் கொண்டுபோனார். முன்பாதி மயில்கழுத்து நீலத்தில் மின்னியது. கண்ணாடி இருந்தது. ஹெட்லைட் இருந்தது. டயர், கடையிலிருந்து வந்த அன்று போலக் கறுப்பாக, மயிர் மயிராக நின்ற ரப்பரோடு இருந்தது.

முன்பாதியை வெட்டி ஒட்டியிருக்கிறார்கள், வேறென்ன. ஒட்டு எங்கே என்று தேடினார். ஒட்டு இல்லை. முன்கதவின் நடுவில் கரி அப்படியே மெல்ல நீலமாகிக்கொண்டிருந்தது, சுவரில் ஓதம் ஏறுவது போல, ஒழுங்கில்லாத ஓரத்தோடு. அந்த ஓரத்தில் விரல் வைத்துப் பார்த்தார். வெதுவெதுப்பாக இருந்தது. காய்ச்சல்காரன் நெற்றி மாதிரி.

விரலை எடுத்தபோது நுனி கறுத்திருந்தது. கர்ச்சீப்பில் துடைத்தார். போகவில்லை. இன்னும் அழுத்தித் துடைத்தார். கர்ச்சீப்பில் கறை படவில்லை. விரலில் துணி படுவதும் தெரியவில்லை.

“ஏம்மா” என்றார். குரலில் அந்த அதட்டலைக் கொண்டுவரப் பார்த்தார். “வெளிய வாம்மா. என்ன வெளையாட்டு இது?”

முன்சக்கரத்துக்குப் பக்கத்தில், காருக்கு அடியிலிருந்து இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன. கிரீஸ் அப்பிய கால்கள். அப்படித்தான் நினைத்தார். விளக்கை இறக்கினார்.

கிரீஸ் இல்லை.

கட்டை. அடுப்பிலிருந்து இழுத்துப் போட்ட கட்டை. நகம் இல்லாத விரல்கள். குதிகாலில் வெடிப்பு வெடிப்பாக, வெடிப்புக்குள் சிவப்பு. அந்தச் சிவப்பு மங்கியது. மறுபடி கனன்றது. மங்கியது. கனன்றது.

மூச்சு விடுகிறது.

போன் கையிலிருந்து விழுந்தது. விளக்கு தகரக் கூரையைப் பார்த்துக் கிடந்தது. அவர் பின்னால் நகர்ந்தார். முதுகில் ஷட்டர் இடித்தது. கீழே தடவினார். தரையோடு தரையாக மூடியிருந்தது. எப்போது இறங்கியது என்று தெரியவில்லை. சத்தமே கேட்கவில்லை.

“கிட்டுசாமியண்ணா!” என்று கத்தினார். “தொறங்க! நான் எதும் எழுதலீங்க! வண்டி இங்கயே இருக்கட்டும்!”

வெளியே யாரோ விசும்பினார்கள்.

காருக்கு அடியில் சின்னச் சக்கரங்கள் உருண்டன. படுத்து வேலை செய்கிற பலகை. அது வெளியே வந்தது. முழுதாக வந்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டார். தீய்ந்த வாடை அப்போதுதான் அடித்தது. ரப்பர் வாடை இல்லை. எந்தக் குடோனிலும் அவர் முகர்ந்த வாடை இல்லை.

“அண்ணா.”

மிகப் பணிவான குரல். ஈர விறகு அடுப்பில் சீறுகிற மாதிரி ஒரு குரல்.

“முன்பாதிய நானே முடிச்சுட்டனுங்க. இனி எங்கிட்ட ஒண்ணுமில்லீங்க. பின்பாதி இருக்குதுங்க.”

“உட்டுரு கண்ணு” என்றார் சென்னியப்பன். எத்தனையோ பேர் அவரிடம் கெஞ்சிய அதே குரல் அவர் வாயிலிருந்து வந்தது. “உட்டுரு சாமி. எனக்கும் ஊடு இருக்குது.”

“கொஞ்ச நேரந்தானுங்க.”

ஒரு கை அவர் மணிக்கட்டைப் பிடித்தது. இறுக்கவில்லை. விருந்தாளியை இலைக்குக் கூட்டிப்போகிற மாதிரி, மரியாதையாக, காரின் பின்கதவுக்குக் கூட்டிப்போயிற்று. அவர் உள்ளங்கையை விரித்தது. கரியேறிய தகரத்தில் வைத்து அழுத்தியது.

வலிக்கவில்லை. வலித்திருந்தால் கத்தியிருப்பார்.

அவர் கண்ணைத் திறந்தார். விரல்களுக்கிடையே நீலம் கசிந்தது. கதவில் பரவியது. மேலே ஏறியது. குழிந்திருந்த கூரை மெல்ல எக்கி நிமிர்ந்தது. சன்னலில் கண்ணாடி, பாலில் ஆடை படிவது போல, ஓரத்திலிருந்து வளர்ந்தது.

கறுப்பு அவர் மணிக்கட்டைத் தாண்டியது. வாட்ச் வார் கருகி உதிர்ந்தது. முழங்கை. தோள்.

ஷட்டருக்கு வெளியே கருப்பாத்தாள் தொண்டையைச் செருமினாள்.

“சாருக்கும் சேத்துத் தோசை ஊத்தட்டுங்களா கண்ணு?”

புதுக் கண்ணாடியில் ஒரு முகம் தெரிந்தது. பாதிக்குமேல் கறுத்த முகம். அதன் கன்னத்து வெடிப்புகளுக்குள் சிவப்பு, மெல்ல மங்கி, மெல்லக் கனன்று கொண்டிருந்தது.